‘ஆஃப்லைன்’ – உற்றறிதலா, ஊகித்தலா?

புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் என் அக்கா கிராணியாக வேலை செய்கிறார். சம்பள நாளன்று அங்கே எல்லாருக்கும் ஒரே பதற்றம். வெயில் ஏறும் நேரத்தில் ஆட்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். பணம் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அவர்களுக்கு வேண்டியது சம்பளச் சீட்டு. எத்தனை குலை வெட்டியதற்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று சரிபார்க்க, கடன் மனுவோடு இணைக்க, பிள்ளையின் உதவித்தொகை பாரத்தோடு சேர்க்க அந்த ஒரு தாள்தான் ஆதாரம். கடந்த ஆண்டு ஒரு சம்பள நாளில், மகளின் பாரத்தை அன்றைக்கே கொடுத்தாக வேண்டிய ஓர் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் கணினித் திரையில் ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ என்று வந்தது. பிரிண்டரோ இரண்டடி தூரத்தில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது.

சம்பளக் கணக்கு மென்பொருள் அக்காவின் கணினியில் இல்லை. அது கிள்ளானில் உள்ள தலைமை அலுவலகத்து சர்வரில் ஓடுகிறது. ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்ற வசதியால் அந்த சர்வரின் திரையை அக்கா தன் திரையில் ஒரு சன்னலாகத் திறந்து, இங்கிருந்தபடியே அங்கே வேலை செய்கிறார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வேலை செய்திருக்கக் கூடும்.

தலைமை அலுவலகத்துத் தொழில்நுட்பரை அக்கா கைப்பேசியில் அழைத்தார். “இங்க பார்த்தா பிரிண்டர் ரெடின்னுதான் காட்டுது அக்கா. உங்க பக்கம்தான் ஏதோ கோளாறு” என்றார் அவர். “என் பக்கம் பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி. இப்பதான் ஒரு ஐ.சி. நகல் எடுத்தேன்” என்றார் அக்கா. கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துச் சீட்டு வந்தது. அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கோல சிலாங்கூருக்குப் பறந்தார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒரே பிரிண்டர் ஒருவருக்கு ‘ரெடி’, இன்னொருவருக்கு ‘ஆஃப்லைன்’. இது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அதோடு, ‘ஆஃப்லைன்’ என்ற அந்தச் சொல்மீது எனக்கு ஒரு புகாரும் உண்டு.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவர்களுக்கு அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் மறந்திருக்காது. உற்றறிதல் என்றால் ஐம்புலன்களால் அறிவது. ஊகித்தல் என்றால் அறிந்ததை வைத்து ஒரு காரணம் சொல்வது. பள்ளித் திடல் நனைந்திருக்கிறது என்பது உற்றறிதல். இரவு மழை பெய்திருக்கும் என்பது ஊகித்தல். தோட்டக்காரர் குழாயைத் திறந்து விட்டிருந்தால் அந்த ஊகம் தவறு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

பிரிண்டர் இருக்கிறதா என்று கணினியால் எட்டிப் பார்க்க முடியாது. வலைப்பின்னல் வழியாக அது ஒரு கேள்வி கேட்கிறது: “எப்படி இருக்கிறாய்? தாள் இருக்கிறதா, மை இருக்கிறதா?” குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால், ‘ஆள் இல்லை’ என்று முடிவுகட்டி ‘ஆஃப்லைன்’ என்று எழுதிவிடுகிறது. அது உற்றறிந்தது ஒன்றே ஒன்றுதான்: பதில் வரவில்லை. மற்றதெல்லாம் ஊகம். ஆனால் திரையில் அது ஊகமாகத் தெரிவதில்லை, தீர்ப்பாகத் தெரிகிறது. ‘கேட்டேன், பதில் வரவில்லை’ என்று எழுதியிருந்தால் அக்காவும் தொழில்நுட்பரும் ஒருவரையொருவர் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ‘யாரிடம் கேட்டது, ஏன் பதில் வரவில்லை’ என்று தேடியிருப்பார்கள். என் புகார் இதுதான்.

கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போனவர்கள் நினைத்துப் பாருங்கள். பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒன்றாக மின்னும், ஒன்றாக அணையும். அணைந்த அந்த ஒரு நொடியில் படகில் இருப்பவர் கண் திறந்தால், மரத்தில் ஒரு பூச்சியும் இல்லை என்றுதான் சொல்வார்.

பெரும்பாலான வலைப்பின்னல் பிரிண்டர்களிடம் விண்டோஸ் கேள்வி கேட்கும் முறைக்கு எஸ்.என்.எம்.பி. என்று பெயர். 1988இல் வகுக்கப்பட்ட பழைய நெறிமுறை அது. வலைப்பின்னலில் உள்ள கருவிகளின் நலம் விசாரிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. அந்தக் கேள்வி பிரிண்டரின் 161 என்ற எண்ணுள்ள வாசலுக்குப் போகிறது. அதுவும் பதிவுத் தபாலாக இல்லை, சாதாரண அஞ்சலட்டையாக. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று வழியில் யாரும் உறுதி சொல்வதில்லை. அச்சிட வேண்டிய தாள் போகும் வாசல் வேறு; பல பிரிண்டர்களில் அது 9100. ஆகவே முன்வாசலில் கூப்பிட்டால் பதில் இல்லாமல், பின்வாசல் அகலத் திறந்திருக்கும் வீடு போல ஒரு பிரிண்டர் இருக்கலாம். தூக்க நிலையில் இருக்கும் பிரிண்டர் தாமதமாகப் பதில் சொல்லலாம். வைஃபை நெரிசலில் அட்டை தொலையலாம். நடுவில் உள்ள பாதுகாப்புச் சுவர் அதைத் தடுத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் திரையில் வருவது அதே ஒரு சொல்தான்.

இனி, கிள்ளானும் புக்கிட் ரோத்தானும் ஏன் வேறு வேறு பதில் சொன்னன என்பதற்கு வருவோம். ரிமோட் டெஸ்க்டாப் வசதியை மைக்ரோசாஃப்ட் 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0இன் தனிப் பதிப்பாக வெளியிட்டது. இதில் அச்சிடுவது எப்போதும் ஒரு தலைவலி. மென்பொருள் ஓரிடத்தில், பிரிண்டர் வேறிடத்தில். சர்வரில் வேலை தொடங்கும்போது, அக்காவின் கணினியில் உள்ள பிரிண்டரின் நிழல் ஒன்று சர்வரில் உருவாகும். பெயருக்குப் பின்னால் ‘ரீடைரக்டட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் ஒட்டியிருக்கும். அது நிழல்தான், பிரிண்டர் இல்லை. முன்பெல்லாம் இந்த நிழல் உருவாக, ஊரில் உள்ள எல்லாப் பிரிண்டர்களுக்குமான இயக்கி மென்பொருளை சர்வரிலும் நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸ் சர்வர் 2008இல் ‘ஈசி பிரிண்ட்’ வந்த பிறகு, சர்வர் பக்கத்தை ஒரு பொதுவான வடிவத்தில் அனுப்பும். அக்காவின் கணினி அதைத் தன் பிரிண்டருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும்.

ஒரு சம்பளச் சீட்டின் பயணம் இப்படித்தான்: மென்பொருளிலிருந்து சர்வரின் அச்சு வரிசைக்கு; அங்கிருந்து இணையம் வழியாக அக்காவின் கணினியில் உள்ள இன்னோர் அச்சு வரிசைக்கு; பிறகு வைஃபை பெட்டி வழியாகப் பிரிண்டருக்கு. சர்வர் காட்டிய ‘ரெடி’ என்ற சொல்லுக்கு, ‘அக்காவின் கணினியிடம் ஒப்படைக்க நான் தயார்’ என்று மட்டுமே பொருள். அதற்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது. சீட்டு கிள்ளானிலிருந்து கிளம்பியாகிவிட்டது. அக்காவின் கணினியில் உள்ள வரிசையில் வந்து சிக்கி நின்றது. தபால்காரர் ‘கொடுத்துவிட்டேன்’ என்கிறார், வீட்டுக்காரர் ‘கிடைக்கவில்லை’ என்கிறார். கடிதம் வாசல் பெட்டியில் கிடக்கிறது.

இந்த மாதிரி நீண்ட பாதையில் கோளாறு தேடும்போது, தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட நடுவில் வெட்டுவது நல்லது. அக்காவின் கணினியில் நோட்பேடைத் திறந்து, ‘சோதனை’ என்று ஒரு வரி தட்டி, அங்கிருந்தே அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அது வந்தால் கணினி, வைஃபை, பிரிண்டர் மூன்றும் குற்றமற்றவை. கிள்ளான் பக்கம் தேடுங்கள். வராவிட்டால் கிள்ளான் பக்கம் போகவே வேண்டாம். தொழில்நுட்பரைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஒரே கேள்வியில் பாதி பாதை கழிந்துவிடும். 16 இடங்களில் ஒன்றில் கோளாறு என்றால், இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் நான்கே கேள்விகளில் பிடித்துவிடலாம். ஆயிரம் இடங்கள் என்றாலும் பத்துக் கேள்விகள் போதும். இரண்டின் அடுக்குகளைக் கணிதத்தில் படித்தது இங்கே உதவுகிறது. அந்தச் சம்பள நாளில் இதை யாரும் செய்யவில்லை. ஐ.சி. நகல் எடுத்ததை அக்கா சான்றாகச் சொன்னார். நகல் எடுக்கக் கணினியும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். பிரிண்டர் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்தச் சான்று நிரூபித்தது, பிரிண்டருக்கு மின்சாரமும் மையும் உண்டு என்பதை மட்டும்தான்.

மறுமாதமும் அதே கதை. அக்கா என்னை அழைத்தார். நான் ஒன்றும் பிரிண்டர் நிபுணன் இல்லை; ஒரு குறிப்பேடு போடச் சொன்னேன், அவ்வளவுதான். எப்போது நின்றது, திரையில் என்ன எழுதியிருந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்ற மூன்றையும் எழுதினால் போதும். அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு: “இடி இடிச்சா பிரிண்டருக்குக் கோபம் வந்துரும்.” எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டு மாதக் குறிப்பைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு முறை எழுதியிருந்தார். அதில் ஐந்து முறை, முதல் நாள் மாலை இடிமழை!

நம் நாட்டில் இடி மின்னலுக்குக் குறைவே இல்லை. மின்னலில் மோடம் கருகிப்போன அனுபவம் பல வீடுகளுக்கு உண்டு. அதனால் மாலையில் வானம் கறுத்தால் அலுவலகக் காவலாளி வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். நல்ல பழக்கம்தான். காலையில் திரும்பச் செருகும்போது, சில பெட்டிகள் முன்பு எந்தக் கருவிக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதை மறந்துவிடுகின்றன. யார் முதலில் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு முதல் முகவரி. பிரிண்டர் மெதுவாக எழும் ஆள். அதன் பழைய முகவரியை வேறொரு கருவி வாங்கிக்கொண்டுவிடும். கணினிக்கு இது தெரியாது. பழைய முகவரிக்கே கேள்வி அனுப்பிக்கொண்டிருக்கும்.

பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி அதன் விவரத் தாளை எடுத்தோம். முகவரி 23இல் முடிந்தது. கணினி தேடிக்கொண்டிருந்ததோ 17இல் முடியும் முகவரியை. 17க்கு ‘பிங்’ அனுப்பினால் பதில் வந்தது! முதலில் குழம்பித்தான் போனேன். பிறகு இணைய உலாவியில் அந்த முகவரியைத் தட்டியபோது, கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி தன் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல் கேட்டது. ‘பிங்’குக்குப் பதில் வந்தால், அந்த முகவரியில் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் பொருள். பிரிண்டர் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டது நான், அதுவும் ஊகம்தான்.

அலுவலகத்தாரின் உற்றறிதல் முற்றிலும் சரி. இடிக்கும் பிரிண்டருக்கும் தொடர்பு உண்டு. காரணம்தான் வேறு. ‘மூடநம்பிக்கை’ என்று தள்ளியிருந்தால் நமக்கு இருந்த ஒரே தடயமும் போயிருக்கும்.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் சொல்லும் ஒரு வைத்தியம் உண்டு. பிரிண்டர் அமைப்பில் எஸ்.என்.எம்.பி. நிலைக்கான கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள், ‘ஆஃப்லைன்’ மறைந்துவிடும் என்பார்கள். உண்மைதான், பல இடங்களில் அது சரியான வைத்தியம். கேள்வி மட்டும் தொலைந்து தாள் போகும் வாசல் திறந்திருந்தால் வேலை நடக்கும். ஆனால் அக்காவின் அலுவலகத்தில் அதைச் செய்திருந்தால் என்ன ஆகும்? கணினி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு ‘ரெடி’ என்று காட்டும். சம்பளச் சீட்டுகள் எல்லாம் கேமராப் பெட்டியின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்பது போல. இன்னொரு வைத்தியம், ‘பாதுகாப்புச் சுவரை அணைத்துப் பார்’ என்பது. சம்பள விவரம் ஓடும் கணினியில் அதைச் செய்யவே கூடாது.

சரி, அணைத்துப் போட்டால்தான் வேலை செய்கிறதே, எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது நானும் அணைத்துத்தான் போடுவேன். ஆனால் அணைத்துப் போடுவது தடயத்தை அழிக்கிறது. முகவரிகள் மாறுகின்றன, வரிசைகள் காலியாகின்றன, தூங்கியது விழிக்கிறது. எது மாறியதால் சரியானது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அறிவியல் ஆசிரியர் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்வது இதனால்தான். அணைப்பதற்கு முன் திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள ஐந்து நொடி போதும்.

பிரிண்டரின் மௌனத்தோடு மல்லுக்கட்டியவர்களில் பெரிய ஆள் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன். அங்கே பிரிண்டரில் தாள் சிக்கினால், தங்கள் இடத்தில் காத்திருப்பவர்களுக்கு அது தெரியாது. நெடுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. பழைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கியதும் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார் அவர். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தது. அதன் மூல நிரல் கிடைக்கவில்லை. ஆகவே அந்தச் சிறிய நன்மையைப் புதியதில் செய்ய முடியவில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983இல் அவர் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். இன்று உலகெங்கும் பயன்படும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையில் ஒரு பிரிண்டர் இப்படி இடம் பிடித்திருக்கிறது. கவனியுங்கள்: தாள் சிக்கக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. சிக்கினால் ‘சிக்கியது’ என்று இயந்திரம் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டார்.

இடைநிலைப்பள்ளியில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் இருக்கிறது. இரும எண், படிமுறை, நிரல் எழுதுதல் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கெட்டுப்போன ஒன்றை மேசையில் வைத்து, ‘இதில் எது உற்றறிதல், எது ஊகித்தல் என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள்’ என்று சொல்லும் பாடவேளையை நான் பார்த்ததில்லை. தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பல பள்ளிகளின் கணினிக்கூடத்து மூலையில் ‘ரோசாக்’ என்று தாள் ஒட்டிய பிரிண்டர் ஒன்றாவது இருக்கும். அந்தத் தாளை எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்பதிலிருந்தே தொடங்கலாம். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். அறிவியல் கழகத்தின் ஒரு மாலை போதும் என்று நினைக்கிறேன்.

அக்காவின் அலுவலகத்தில் வைஃபை பெட்டியின் அமைப்புக்குள் போய், 23 என்ற முகவரியைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கி வைத்தோம். கணினியிலும் அந்த முகவரியைப் பதிந்தோம். பத்து நிமிட வேலை. இப்போது இடி இடித்தாலும் பிரிண்டர் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்த சம்பள நாளில் வேறு மாதிரி நின்றது. நடுவில் இணையம் ஒரு நிமிடம் அறுந்து, ரிமோட் டெஸ்க்டாப் மறுபடி இணைந்தது. அதன் பிறகு மென்பொருள் ‘பிரிண்டர் இல்லை’ என்றது. அக்கா என்னை அழைக்கவில்லை. நோட்பேடில் ஒரு வரி தட்டி, தன் கணினியிலிருந்தே அச்சிட்டார், வந்தது. ‘அப்படியானால் கிள்ளான் பக்கம்’ என்று சர்வரில் இருந்த நிழலின் பெயரைப் பார்த்தார். காலையில் அதன் வாலில் இருந்த எண் 3. இப்போது 5. மென்பொருளோ இன்னும் 3ஐத் தேடிக்கொண்டிருந்தது. பட்டியலில் 5ஐத் தேர்ந்தெடுத்து அச்சிட்டுவிட்டு, குறிப்பேட்டில் எழுதினார்: “காலை 10.40. லைன் அறுந்தது. பெயர் மாறியது. இடி இல்லை.”